நாங்கள் பிடித்த படிக்கட்டு

என் இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போனது. ஆனாலும் சாயல்குடிப் பக்கம் எங்கள் மிளகாய்க் காட்டில் உட்கார்ந்து நகர்ந்தே பழம் பறிப்பேன். ஆளுக்கொரு செடிவரிசையாக நிரை பிடித்தால் என் நிரைதான் முதலில் முடியும். அங்கே யாரும் என்னை ஊனமுற்றவள் என்று சொன்னதில்லை. சட்டத்துக்குத்தான் அப்படிச் சொல்லும் டாக்டர் சான்றிதழ் வேண்டியிருந்தது.

அந்தச் சான்றிதழ் தரும் அரசு முகாமுக்குப் போனால், டாக்டர் மாடியில் இருந்தார். கீழே ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக நாங்கள். “மெல்ல ஏறி வாங்கம்மா” என்றார் ஊழியர். ஒருவர் தவழ்ந்து ஏறத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏறிட்டா நல்லாத்தான இருக்கீங்கம்பீங்க. ஏறலைன்னா வரலைன்னு எழுதுவீங்க. நாங்க இங்கனதான் இருப்போம், டாக்டர வரச் சொல்லுங்க” என்று முதல் படியில் உட்கார்ந்தேன். காட்டில் நிரை பிடிப்பதுபோல் மற்றவர்களும் படியடியில் நெருக்கி வரிசை கட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் டாக்டர் இறங்கி வந்தார். கால் வைக்க இடமில்லை.

“கொஞ்சம் வழி விடுங்கம்மா, என்னால எறங்க முடியல.”

“மொதல்ல மேசைய எறக்குங்க” என்றேன்.

மேசை இறங்கியது. எல்லோருக்கும் கீழேயே கையெழுத்து விழுந்தது.

அந்தக் கட்டடத்தில் அன்று படிக்கட்டால் முடங்கி நின்றவர் டாக்டர் ஒருவர்தான்.