வெல்லம் கரைத்த மருந்து

காலையில் ரீங்காரம் கேட்டதும், தேனீ வந்துவிட்டதென்று கொல்லைப் பூசணிக்கொடிக்கு விரைந்தேன். பக்கத்துப் பருத்தி வயலில் ட்ரோன் மருந்தடித்துக்கொண்டிருந்தது.

அந்த நெடி என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப் போனது. நெடுங்காட்டு வயலில் எங்கள் உளுந்து பூத்திருந்தது. வரப்பு இலுப்பை மரப் பொந்தில் தேனீக்கள் இருந்தன. மருந்து இலையில் ஒட்டாமல் வழிகிறதே என்று அப்பா அலுத்துக்கொண்டார்.

"வெல்லத்தக் கரைச்சு ஊத்துங்கப்பா, ஒட்டிக்கும்," என்றேன்.

"படிக்கிற புள்ள மூளையப் பாத்தியா அக்கா," என்று அத்தையிடம் பெருமைப்பட்டார்.

மறுநாள் மரத்தடியெங்கும், வெல்ல மருந்தைக் குடித்த தேனீக்கள் செத்துக் கிடந்தன. சில இன்னும் கால்களை உதறிக்கொண்டிருந்தன. அந்த வருடம் அத்தையின் பூசணிப் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்தன. காய் விற்றுத்தான் அவள் சாப்பிட்டாள்.

"யாரு கண்ணு பட்டுச்சோடா," என்றாள். காரணம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஊரே மருந்தடித்தது. பொந்து திரும்ப நிறையவேயில்லை.

இப்போது ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் நானே தடவுகிறேன்.

"தேனீ வேலையெல்லாம் நீங்க பாக்குறீங்களா மாமா?" என்று மருமகள் சிரித்தாள்.

"ஆமாம்மா," என்றேன். அடுத்த ஆண்பூவைக் கிள்ளுகிறேன். கொடி முழுக்கப் பூக்கள் இருக்கின்றன. வெயில் ஏறினால் எல்லாம் மூடிக்கொள்ளும்.