மாயக் குகையின் விதி

மாலை நாலு இருபதுக்கு, வாகட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் என் மூத்த மகள் தனியாகப் பகடை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி எங்கடி?"

"மாயக் குகைல விழுந்துட்டாப்பா. எங்கயாவது போய் ஒளிஞ்சிருப்பா. யார் கூப்பிட்டாலும் பதில் பேசக்கூடாது."

அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். தொண்ணூறுகளில், கடக்வாஸ்லா ராணுவக் குவார்ட்டர்ஸில், நானும் தங்கை சுதாவும் எங்களுக்குப் பிடித்த மந்திர ராஜ்ஜியப் படக்கதையைச் சட்டைப் பெட்டி அட்டையில் விளையாட்டாக வரைந்தோம். அப்பாவின் பூட் பாலிஷ் மூடியை வைத்துக் குகைக்கு வட்டம் போட்டதில் அட்டை முழுக்கப் பாலிஷ் வாசனை. குகையில் விழுந்தவர் ஒளிய வேண்டும். இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது.

சுதா பம்ப் ரூமில் ஒளிந்தாள். யாரோ வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். "அண்ணா, அண்ணா" என்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது. விதியை மீறுகிறாளே என்று எரிச்சல்தான் வந்தது. அவளுக்கும் சேர்த்து நானே பகடை உருட்டி ஜெயித்தேன்.

வாட்ச்மேன் திறந்துவிட ஒரு மணி நேரமாயிற்று. கதவைத் தட்டித் தட்டி அவள் கை வீங்கியிருந்தது.

"நான் கத்தினது கேக்கலையா அண்ணா?"

இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு எதுவுமே விளையாடவில்லை. குழந்தைகளுக்கு விளையாட்டைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

இப்போது பதினோரு மாடியும் சின்ன மகளின் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு ஏறி இறங்கினேன். ஐந்து மணிக்குச் சின்னவள் தானாகவே வந்து நின்றாள்.

"நீங்க கூப்பிட்டது கேட்டுச்சுப்பா. பதில் பேசினா தோத்துடுவேன்ல?"