அப்பாவின் படையலுக்கு மீன்

அப்பாவின் முதல் வருடப் படையலுக்கு அவருக்குப் பிடித்த செனாங்கின் மீன் வேண்டும். உச்சிவேளைக்குள் படைத்தாக வேண்டும். கொண்டுவருவதாகச் சொன்ன தஞ்சோங் டாவாய் ஊர் மலாய் மீனவரைக் காணோம். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

“சோம்பேறிலா அவனுங்க. வெள்ளைக்காரத் துரைங்க அப்பவே சொன்னாங்க,” என்றார் அண்ணன்.

“விடியக்காலை தோட்டத்துல பேர் கூப்பிடுற பெரட்டுல வந்து நிக்காதவனெல்லாம் துரைக்குச் சோம்பேறிதான்ணே. நம்மள என்ன சொன்னான்? அடிச்சாத்தான் வேலை செய்வோம்னு.”

பதினொன்றரைக்கு மீனவருடைய மோட்டார் சைக்கிள் வந்தது. ஆற்றுவாயில் ஓதம் வற்றி உள்ளே நுழைய முடியாமல், தண்ணீர் மறுபடி ஏறும்வரை படகு கடலிலேயே கிடந்ததாம். தூங்காத கண்களோடு மீனை நீட்டினார்.

“அப்பவும் லேட்டுதானே,” என்றார் அண்ணன்.

எத்தனை முறைதான் பதில் சொல்வது? அலுப்போடு மீனை அலச உட்கார்ந்தேன். இலை போட இன்னும் நேரமிருந்தது.