புகைக்கூடத்தில் காய்ந்த மோட்டார்

திங்கட்கிழமை, காலை ஆறே கால் மணி. தோட்ட ஆபீசின் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது, மாட்டு வண்டியில் சாக்கு போர்த்திக் கிடந்த மோட்டார். சாக்கின் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. காஹாங் பக்கம் மூடிப்போன ஒரு மரவாடியிலிருந்து இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்தவர், வண்டிக்கடியிலேயே துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கோழியை விரட்ட யாருக்கும் தெம்பில்லை.

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. சிங்கப்பூரில் நான் செய்தி எழுதிக்கொண்டிருந்த தமிழ்ப் பத்திரிகை நின்றுபோனது. குளுவாங்குக்கும் பாலோவுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை, ஆபீசில் கணக்கு எழுதும் வேலை, கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் பாதி காலி. ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் மாட்டு வண்டிகள் தட்டுமுட்டுச் சாமான்களோடு குளுவாங் ஸ்டேஷனுக்குப் போகும்; அங்கிருந்து ரயில், பிறகு நாகப்பட்டினம் கப்பல். வண்டிகள் எல்லாம் பட்டறையைத் தாண்டித்தான் போகவேண்டும். பட்டறையின் கதவு அகலமானது.

பட்டறையில் மிஞ்சியிருந்தவர் ஒரே ஒரு ஃபிட்டர். நாற்பதைத் தாண்டியவர், உயரம், பேசும்போது ஆளைப் பார்க்காமல் ஆளின் கையைப் பார்ப்பார். அவருடைய பொறுப்பில் ஒரு பழைய லேத் இருந்தது. ரப்பர் நல்ல விலை போன காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த இரும்பு கடையும் இயந்திரம். முந்தைய மழைக்காலத்தில் பட்டறைக்குள் வெள்ளம் ஏறி அதன் மோட்டார் எரிந்துவிட்டது. லேத் துருப்பிடித்து நின்றது. ஃபிட்டர் பல வாரங்களாக மண்ணெண்ணெயும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்து, படுக்கைச் சட்டத்தின் துருவை எடுத்து, பல் உடைந்த சக்கரத்துக்குப் பித்தளையில் பல் வைத்து ஒட்டி, எண்ணெய் விட்டு வைத்திருந்தார். மோட்டார் மட்டும்தான் பாக்கி.

ரப்பர் ஷீட் உருட்டும் மிஷினின் தண்டு தேய்ந்திருந்தது. அதைக் கடைய லேத் வேண்டும், இல்லாவிட்டால் தண்டு சிங்கப்பூர் போகவேண்டும். தண்டு சிங்கப்பூர் போனால் தோட்டத்துக்கு ஃபிட்டர் எதற்கு? தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை இதை அந்தத் திங்கட்கிழமை மதியம், சிங்கப்பூருக்குப் புறப்படும் முன், தன் தமிழில் சொன்னார்.

"சனிக்கிழமை நான் வருது. லேத் ஓடுது, நீ இருக்கு. ஓடலே, நீ கப்பல்."

கார் போன பிறகு ஃபிட்டர் மோட்டாரின் மேலிருந்த கோழி எச்சத்தை வழித்துக்கொண்டே இருந்தார்.

"ஊருக்குப் போறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரனின் கேள்வி, பதில் வரும்வரை சும்மா நின்றேன்.

"நான் ஒரு சாதி, என் பொஞ்சாதி ஒரு சாதி, கிராணி ஐயா. இங்க லயத்துல யாரு கேட்டா? அங்க எறங்கின அன்னிக்கே ரெண்டு பேரையும் ரெண்டு தெருவாப் பிரிச்சு வெச்சிருவாங்க. அதுவும் உசிரோட வெச்சாத்தான்."

அவர் மனைவி காலையில் மரம் வெட்டப் போவாள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க; மத்தியானம் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் தொங்கவிடுவாள். குட்டையானவள், சிரிக்காமல் கேலி பேசுவாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு சிக்கல் தெரிந்தது. புது மோட்டாரின் தண்டு பழையதைவிடப் பருமன். பழைய மோட்டாரில் இருந்த, தோல் வார் ஓடும் கப்பி அதில் ஏறவில்லை. கப்பியின் துளையைப் பெரிதாக்க வேண்டும். அதைச் செய்ய ஒரு லேத் வேண்டும்.

ஃபிட்டர் கொஞ்ச நேரம் வாசலில் குந்தி வெற்றிலை போட்டார். பிறகு எழுந்துபோய், ஷீட் அழுத்தும் பழைய கைமிஷின் ஒன்றின் பெரிய சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தார். அதைக் கட்டைகளில் நிறுத்தி, தோல் வார் போட்டு லேத்தோடு இணைத்தார். சக்கரத்துக்குக் கைப்பிடி உண்டு. சுற்றுவதற்கு ஆள் வேண்டும். பட்டறை ஆட்கள் எல்லாரும் கப்பலேறிவிட்டார்கள். நானும் அவர் மனைவியும் மாறி மாறிச் சுற்றினோம்.

"கிராணி ஐயாவுக்குப் பேனா புடிச்ச கை. கொப்புளம் வந்தா ஆபீஸ்ல கணக்கு யாரு எழுதுறது?" என்றாள்.

"நீ சும்மா சுத்து புள்ளே," என்றார் ஃபிட்டர், உளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரே மாதிரி சுத்து. நீ பேசுறப்ப சக்கரம் நின்னு நின்னு போவுது."

"அப்ப நீங்க வந்து சுத்துங்க. நான் கடையறேன். கீரை கடையற கைதானே."

வார்ப்பிரும்பு துளித்துளியாகத்தான் உதிர்ந்தது. கறுப்புத் தூள்; வியர்வையில் ஒட்டினால் கழுவினாலும் போகாது. புதன்கிழமையும் அதேதான். தோள் மரத்துப்போய், சோற்றைக் கையில் எடுத்து வாய்வரை கொண்டுபோவதே பெரிய வேலையாக இருந்தது. அன்று மாலை கப்பி தண்டில் ஏறியது. கொஞ்சமும் ஆட்டமில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மோட்டாரை மரப்பலகையில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். மின்சாரக் கம்பியும் இணைத்தாயிற்று. தோட்டத்துக்குச் சொந்தமாக ஜெனரேட்டர் உண்டு. அதைப் பார்த்துக்கொண்ட மலாய்க்காரர் பக்கத்துக் கொட்டகையில் இருப்பார். சுவிட்சைப் போடவேண்டியதுதான்.

"பூசை போடாம எப்படி?" என்றார் ஃபிட்டர்.

மோட்டாருக்குச் சந்தனம் வைத்தார். குங்குமம் வைத்தார். லேத்தின் தலையில் செம்பருத்தி வைத்தார். சூடம் காட்டினார். தேங்காயை உடைக்க ஒரு கல்லும் அருகில் இல்லை. பட்டறைத் தரை எண்ணெயும் பிசுக்கும். எதை ஓட்டப்போகிறோமோ அதிலேயே உடைப்பதுதான் முறை என்று சொல்லி, மோட்டாரின் இரும்பு உடம்பிலேயே ஓங்கி அடித்தார். தேங்காய் நேராக இரண்டாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று நானும் நினைத்தேன். தேங்காய்த் தண்ணீர் முழுவதும், காற்றுப் போவதற்காக மோட்டாரில் வைத்திருந்த துளைகள் வழியாக உள்ளே இறங்கியதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

சுவிட்ச் போட்டார். மோட்டார் முனகியது, கருகின வாடை வந்தது, பியூஸ் டப்பென்று போனது. ஜெனரேட்டர்காரர் ஓடிவந்து, குங்குமத்தையும் தேங்காய் மூடியையும் பார்த்தார். "அலமாக்!" என்றார், மலாயில் ஐயோ என்பதுபோல. தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

ஃபிட்டர் லேத்தின் மேல் கையை ஊன்றி நின்றார்.

"நல்ல வேளை, பாலாபிஷேகம் பண்ணலே," என்றாள் மனைவி.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தேங்காய் மூடி ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்து, மெல்ல ஆரம்பித்தார். நெடுநேரம் மென்றார்.

பிறகு மோட்டாரைத் திறந்தார்கள். உள்ளே செம்புக் கம்பிச் சுருள் நனைந்து பளபளத்தது. ஓரிடத்தில் மட்டும் கம்பிமேல் சுற்றியிருந்த நூல் சற்றுக் கருகியிருந்தது, கம்பி அறுந்திருக்கவில்லை. பியூஸ் முந்திக்கொண்டது.

"இனிப்புத் தண்ணி, ஒட்டும். மழைத்தண்ணி ஊத்திக் கழுவுங்க," என்றாள் அவள்.

"தண்ணி பட்டுக் கெட்டதுக்கு மறுபடியும் தண்ணியா?"

"துணியில பட்டா என்ன செய்வீங்க? கழுவித்தானே காயப்போடுவீங்க."

"வெயிலே இல்லியே புள்ளே. எங்க காயப்போடுறது?"

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் புகைக்கூடம் இருந்த திசையில் தாடையைத் தூக்கிக் காட்டினாள்.

புகைக்கூடம் என்பது பலகைச் சுவர் வைத்த உயரமான கட்டடம். கீழே ரப்பர் விறகு மெதுவாக எரியும். மேலே மூங்கில் கழிகளில் ஷீட்டுகள் தொங்கும். உள்ளே போனால் கண் எரியும்; மூச்சு விடவே தயங்கும். சூடு மட்டும் இரவும் பகலும் ஒரே சீராக இருக்கும். மோட்டாருக்கு அதைவிட நல்ல இடம் அந்தத் தோட்டத்தில் இல்லை. புகைக்கரி உள்ளே படியுமே என்று ஃபிட்டர் தயங்கினார். அவள் தன் பழைய சேலை ஒன்றைக் கிழித்து, மழைத்தண்ணீரில் கழுவிய கம்பிச் சுருளைப் பிள்ளைக்குச் சுற்றுவதுபோலச் சுற்றினாள். ஷீட்டுகளுக்கு நடுவே பலகை போட்டு அதை வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் செய்ய எதுவும் இல்லை. அதுதான் மற்ற நாட்களைவிடக் களைப்பாக இருந்தது. ஃபிட்டர் ஓடாத லேத்தைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். நான் ஆபீசில் இருந்து இரண்டு முறை போய்ப் பார்த்தேன்; இரண்டு முறையும் அவர் அதே துணியோடு அதே இடத்தில் நின்றார். அவள் புகைக்கூடத்துக்குள் போய் வரும்போதெல்லாம் அவர் அவள் முகத்தைத்தான் பார்த்தார். அவள் "இன்னும் ஈரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை விடிந்ததும் எடுத்தார்கள். சேலைத் துணி பழுப்பாகியிருந்தது. சுருள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. கருகிய இடத்தில் புது நூல் சுற்றி, மெழுகு பூசி, மூடி, திரும்ப மாட்டினார். இந்த முறை பூசை இல்லை. கையைக் கூப்பவும் இல்லை. சுவிட்சைப் போட்டார்.

ஓடியது. தலைகீழாக ஓடியது.

"இதுக்கு இதே வேலையாப் போச்சு," என்று முணுமுணுத்து, ஃபிட்டர் நிறுத்தினார். தோல் வாரைக் கழற்றி, எட்டுப் போட்டதுபோல் நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி, மறுபடி கப்பிகளில் மாட்டினார். திரும்பவும் போட்டார். லேத் சரியான பக்கம் சுற்றியது. சத்தம் சீராக இருந்தது. அவள் கதவருகில் நின்று கேட்டுவிட்டு, பால் வாளியை எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போய்விட்டாள். நேரமாகிவிட்டிருந்தது.

துரை மத்தியானம் வந்தார். காலணியைக்கூடத் துடைக்காமல் நேரே பட்டறைக்குள் வந்து, ஓடும் லேத்தையும் மோட்டாரின் மேல் காய்ந்திருந்த குங்குமத்தையும் பார்த்தார். மூக்கைச் சுருக்கி மோந்தார்.

"என்ன வாசம்?"

"புகை, துரை," என்றார் ஃபிட்டர்.

துரை ஷீட் மிஷினின் தேய்ந்த தண்டைக் காலால் தொட்டுக் காட்டினார். "திங்கள் இது வேணும்," என்றார். போய்விட்டார்.

ஃபிட்டர் அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஏதாவது சொல்வார் என்று நான் நின்றேன். சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

அடுத்த வாரம் மறுபடியும் வண்டிகள் குளுவாங் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டன. பெட்டி, பாய், குழந்தைகள், கூண்டில் ஒரு கிளி. மழையில்லாத காலை. கடைசி வண்டி பட்டறையைத் தாண்டியபோது லேத் ஓடிக்கொண்டிருந்தது.