திருமதி ஆச்சுனைப் பார்க்க வந்த சனம்

மெய்லான் அக்கா காலமான செய்தி சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் வந்தது. அழைத்தவர் காவ். எங்கள் தாய்வான் திரைப்பட விழாவுக்கு ஒரு தடவையாவது வந்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். கழுத்தில் விசில் தொங்க, வாசலில் நின்று உங்கள் கார்களை வரிசைப்படுத்தியவர். ஒன்றைச் சொல்வதற்கு மூன்றைச் சொல்லுகிற மனுசன், அன்று ஒரே வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் அடுப்பில் இருந்த பருப்பை இறக்கிவைத்துவிட்டுக் குசினி நிலத்திலேயே இருந்து அழுதேன். ஐம்பத்து நான்கு வயது. போகிற வயதா அது?

அழுது முடிய எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்ததுதான் காரணம். அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். இல்லாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ரொறன்ரோவில் பார்க்டேலை விட்டு டோர்செட் பார்க்குக்கு வீடு மாறினேன். ஸ்காபரோவில் ஒரு பக்டரியில் வேலை கிடைத்தது. ரேடியோவுக்கும் ரெலிபோனுக்கும் உள்ளே இருக்கிற தகடுகளில் ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டுகிற வேலை. அடுத்த கதிரையில் இருந்தவர் மெய்லான். தாய்வானில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர், இங்கே என்னைப் போல மணித்தியாலச் சம்பளத்துக்கு வந்திருந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம். ஆளுக்கு ஆள் உடைத்த இடம் வேறு என்பதால் எப்படியோ ஒப்பேறியது. என்னைவிட மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, ‘அக்கா’ என்றேன். பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் பிறகு எந்தத் தமிழரைக் கண்டாலும் தன்னை அப்படியே அறிமுகப்படுத்தினார். அவரிலும் பதினைந்து வயது கூடிய கிழவர்கள்கூட அவரை அக்கா என்று கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் பேசிய ஆங்கிலத்தைவிட என் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் மன்னிக்கட்டும்.

விழாவை நடத்தியவர்கள் அக்காவோடு ஆறு பேர். ஒருவருக்கும் சினிமாவோடு தொழில் தொடர்பில்லை. காவ் பஸ் திருத்துகிறவர், இன்னொருவர் பல் வைத்தியர். இலையுதிர் காலத்தில் ஒரு வார இறுதியில் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை எடுப்பார்கள். தகரப் பெட்டிகளில் வருகிற படச்சுருள்களை விமான நிலையத்தில் இருந்து தாங்களே தூக்கி வருவார்கள். திரையை அயர்ன் பண்ணுவதும் தேநீர் ஊற்றுவதும் கடைசியில் கூட்டித் துடைப்பதும் அந்த ஆறு பேர்தான். இரண்டு வருடம் நடந்தது. இரண்டு வருடமும் வந்து இருந்து பார்த்தவர்கள் தாய்வான் குடும்பங்கள் மட்டுந்தான்.

மூன்றாம் வருடக் கூட்டத்துக்கு, தேநீர் கொடுக்க ஆள் தேவை என்று அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காவ் எழும்பி, இந்த முறையும் வெளியார் வராவிட்டால் விழாவை நிறுத்திவிடுவோம், நம்மவர்கள் வீட்டில் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எல்லோரும் கை உயர்த்தினார்கள். அக்காவும் உயர்த்தினார். வரும் வழியில் கோபத்தோடு ஏன் என்று கேட்டேன். “அவர் சொல்வது சரி. எங்கள் படத்தை நாங்களே பார்த்தால் அது விழா இல்லை, வீட்டு அல்பம்” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “இங்கே தாய்வான் என்றால் ரேடியோவின் அடியில் அச்சடித்த பெயர். அங்கே சனமும் இருக்கிறது என்று ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும்” என்றார். அடுத்த நாள் வேலையில் அவர் இரண்டு தரம் விரலைச் சுட்டுக்கொண்டார். ஒருநாளும் சுட்டுக்கொள்ளாத கை அது.

எனக்கு மனம் கேட்கவில்லை. “பயப்படாதைங்கோ அக்கா, தமிழ்ச் சனத்தை நான் கொண்டுவாறன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அறிவித்தலை நானே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் பெயர் அதில் வருகிற தாயின் பெயர்தான், ஆச்சுன். வயது போன மனுசியின் பெயரை மொட்டையாகப் போட எனக்குக் கூச்சமாக இருந்தது. முன்னால் ‘திருமதி’ சேர்த்தேன். அந்த நாட்களில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்காக நான் எழுதி வந்தவை எல்லாம் மரண அறிவித்தல்கள். அறிவித்தல் என்றால் எனக்கு அந்தத் தமிழ் ஒன்றுதான் வரும். ‘தாய்வானைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட நண்பர்கள்’ என்று தொடங்கினேன். நடிகையின் கறுப்பு வெள்ளைப் படத்தையும் சேர்த்துக் குணம் அண்ணையின் அச்சகத்தில் கொடுத்தேன். அவருக்கும் பழக்கதோஷம். முட்டை வடிவச் சட்டத்துக்குள் நடிகையை வைத்து, சுற்றிக் கறுப்புக் கரை போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றிவிட்டார். “பாரும் தங்கச்சி, என்ன வடிவா வந்திருக்கு” என்றார். எனக்கும் வடிவாகத்தான் தெரிந்தது. தமிழ்க் கடைகள், தொடர்மாடி எலிவேற்றர்கள் ஒன்றும் விடாமல் ஒட்டினேன். நகரின் மறுகோடியில் இருக்கிற ரெக்ஸ்டேலுக்கும் ஒரு கட்டு அனுப்பினேன். ஒரு கையில் அரிசிப் பையும் மறு கையில் பிள்ளையுமாக நிற்கிற சனம் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்குமா என்று நான் யோசிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் படம். ஒன்றரைக்கே சனம் வரத் தொடங்கிவிட்டது. தமிழ்ச் சனம், அதுவும் நேரத்துக்கு முன்னர்! நான் பெருமையில் மிதந்தபடி வாசலுக்கு வந்தேன். பெண்கள் வெள்ளைச் சேலையிலும் ஆண்கள் கறுப்புக் காற்சட்டையிலும் வந்திருந்தார்கள். ஒரு அங்கிள் மலர்வளையம் ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தார்.

“ஆரின்ரை பகுதி ஆக்கள் பிள்ளை?” என்று ஒரு அன்ரி என் காதுக்குள் கேட்டார்.

“எனக்கு அவையைத் தெரியாது. ஆரெண்டால் என்ன, ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்” என்றார் அவர் பின்னால் நின்றவர்.

“பெட்டி எங்கை வைச்சிருக்கினம்?” என்றார் மலர்வளையக்காரர்.

மண்டப வாசலில் மெய்லான் அக்கா கரும் நீல உடுப்போடு நின்றார். இத்தனை வெளியாரைக் கண்டதில் அவருக்குக் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் அவர்தான் மகள் என்று முடிவுகட்டி, வரிசையாக வந்து இரண்டு கையையும் பிடித்து, ஒன்றும் பேசாமல் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்கள். தமிழர் படம் பார்க்க வருகிற முறை இதுவாக்கும் என்று நினைத்த அக்கா ஒவ்வொருவருக்கும் இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னார். கதிரைகள் நிறைந்து சுவரோடும் ஆட்கள் நின்றார்கள்.

அக்காவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற காவ்தான் முதலில் சுதாரித்தார். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டுவிடுவோம், தொடங்கினால் ஒருவரும் எழும்ப மாட்டார்கள் என்றார். நானும் அதையே சொன்னேன். என் மானம் அதில் தொங்கியது, அக்காவின் விழாவும் அதில்தான் தொங்கியது. அக்கா மறுத்தார். “இருட்டில் பிடித்துவைத்த சனம் விருந்தாளி இல்லை. எல்லா விளக்கையும் போடுங்கள், இரண்டு கதவையும் திறந்துவையுங்கள்” என்றார். என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார்.

அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். “இங்கே ஒருவரும் சாகவில்லை. இது ஒரு சினிமாப் படம். அறிவித்தலில் இருப்பவர் நடிகை. பிழை எங்களுடையது, மன்னியுங்கள். போக விரும்புகிறவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது.” மண்டபம் இரைந்தது. அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு மிச்சத்தையும் சொன்னார். “ஆனால் முன்பின் தெரியாத ஒரு தாயை வழியனுப்ப நீங்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டு வந்திருக்கிறீர்கள். இந்தப் படத்திலும் அவர் கடைசியில் இறந்துதான் போகிறார். இரண்டு மணித்தியாலம் இருந்தால், யாரை வழியனுப்புகிறோம் என்று தெரிந்துகொண்டு அனுப்பலாம்.”

மலர்வளையக்கார அங்கிள் துள்ளி எழும்பினார். “சாவெண்டால் உங்களுக்குப் பகிடியோ? மனுசரை மடையராக்கப் பாக்கிறியளோ?” என்று சத்தம் போட்டபடி வாசலை நோக்கி நடந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர் எழும்பினார்கள். அக்கா மேடையிலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவரையும் மறிக்கவில்லை. அப்போது, வாசலில் என் காதுக்குள் கேட்ட அந்த அன்ரி கதிரையில் இருந்தபடியே குரல் கொடுத்தார். “வந்தது வந்திட்டம். அந்தப் பிள்ளை ஒளிக்காமல் உள்ளதைச் சொல்லுது. இருங்கோ, மனுசி ஆரெண்டு பாத்திட்டுப் போவம்.” எழும்பியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் திரும்பக் கதிரைகளில் இருந்தார்கள். அங்கிளின் கதிரையை அதற்குள் சுவரோடு நின்ற ஒருவர் பிடித்துவிட்டார். அவர் மலர்வளையத்தோடு கதவுநிலையில் சாய்ந்துகொண்டார்.

படம் தொடங்கியது. முதல் பத்து நிமிடம் “என்னவாம்? என்னவாம்?” என்று ஒரே கேள்வி. திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்தை வாசித்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். பிறகு கேள்வி நின்றுவிட்டது. ஆச்சுன் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்து மகனை வெளிநாட்டுக்கு அனுப்புகிறாள். அவனுடைய கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் முத்திரையைத் தடவிப் பார்க்கிறாள். அவள் கண் மூடும்போது மகனால் வரமுடியவில்லை. அயலார் தூக்கிப்போகிறார்கள். அவனுக்கு அது ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்துபோகிறது.

அந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தாயின் செத்தவீடு அப்படி முடிந்திருந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் சண்டை, இங்கே அகதி வழக்கு, கையில் பாஸ்போட் இல்லை. பெற்றவளுக்குக் கொள்ளி வைக்கப் போகமுடியாத சனம் இங்கே யாருடைய செத்தவீட்டையும் விடாமல் போகிறதே, அது ஏன் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. முதலில் ஒரு விம்மல், பிறகு பத்து, பிறகு மண்டபமே அழுதது. தாய்வான் குடும்பங்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாங்களும் அழுதார்கள். நான் படத்தின் கடைசிக் காட்சியைப் பார்க்கவே இல்லை.

விளக்கு வந்ததும் அங்கிள் கதவடியில் இருந்து நடந்து வந்தார். மேடையில் ஏறி மலர்வளையத்தைத் திரைக்குக் கீழே சாத்திவைத்தார். அக்காவுக்கு முன்னால் வந்து நின்று, “அடுத்த வரியம் எப்ப எண்டு கேளும்” என்று என்னிடம் சொன்னார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அக்கா காவைப் பார்த்தார். நிறுத்துவோம் என்று சொன்ன அதே காவ் சட்டைப்பையில் இருந்து பேனையை எடுத்து அங்கிளின் பெயரையும் விலாசத்தையும் எழுதினார். எழுதுவதைக் கண்டதும் வரிசை ஒன்று உண்டாகிவிட்டது. அது வாசல் வரை போனது. மெய்லான் அக்கா சந்தோஷத்தில் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். என் எடையை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டீர்கள், ஆனால் நடந்தது.

அன்று கதிரை அடுக்கும்போதுதான், என் அம்மாவும் அப்படித்தான் போனார் என்று அவரிடம் சொன்னேன். அவர் அடுத்த கதிரையில் இருந்தபோதே அது நடந்தது, நான் மறுநாளே வேலைக்குப் போனேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. அக்கா அடுக்கிய கதிரைகளில் இரண்டை இறக்கிப் போட்டு, “எப்படிப்பட்டவர்? சொல்லு” என்றார். மண்டபக் காவலாளி சாவியைக் குலுக்கும் வரை சொன்னேன். அம்மாவைப் பற்றி இந்த நாட்டில் நான் முதன்முதல் வாய் திறந்தது அன்றுதான்.

விழா பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. எங்களைப் பார்த்துப் பிலிப்பைன்ஸ்காரர்கள் வந்தார்கள், சோமாலியர்கள் வந்தார்கள், எல்லோரும் அக்காவின் கையைப் பிடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். உண்மையைச் சொன்னால் சனம் கலைந்துபோகும் என்ற பயம் எனக்கு அன்றோடு விட்டுப்போனது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான், அதைவிட்டால் வேறொன்றும் வேண்டியதும் இல்லை.

போன சனிக்கிழமை குழு கூடியது. இந்த வருடம் மேடையில் ஏறி வரவேற்பது யார் என்ற கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் தாய்வான்காரி இல்லையே” என்றேன்.

“அதற்காகத்தானே இந்த விழா” என்றார் காவ்.

ஓம் என்று தமிழிலேயே சொன்னேன். எல்லோருக்கும் விளங்கியது.