தூள் போகாத தூரம்

எனக்கு எழுத்துச் சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னுக்குப் பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, நான் கனடாவில், மொன்றியலில் லாசால் பக்கம் இருந்தேன். என் இரண்டு பிள்ளைகளும் வடக்கே, ரோட்டே போகாத பனி ஊர்களில் வேலை பார்த்தார்கள். மகன் இனுக்ஜுவாக்கில் கட்டட வேலையாட்களுக்குச் சமையல். மகள் புவிர்நிதுக்கில் நேர்ஸ். அண்ணன் அந்தப் பக்கம் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் அவளைப் போகவிட்டேன்.

மாதாமாதம் மிளகாய் வறுப்பேன். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் புகை அலாரம் கத்தும். தூளை இரண்டு பையாக்கி ஒரே பெட்டியில் மகனுக்கு அனுப்புவேன். சிவப்பு நூல் கட்டிய பை தங்கச்சிக்கு. தனித்தனியாக அனுப்பத் தெரியாமல் இல்லை. அந்தச் சாட்டிலாவது இரண்டு பேரும் முகம் பார்க்கட்டும் என்றுதான்.

"நேரில போய்க் குடடா" என்பேன்.

"அம்மா, அது பிளேனில ஒரு முழுநாள். காற்றடிச்சால் ரெண்டு நாள். போற ஆக்களிட்டக் குடுத்துவிடுறன்" என்பான்.

நம்பினேன்.

ஒருமுறை, மகனோடு வேலை செய்யும் மன்னார்க்காரர் ஒருவர் லீவில் வந்திருந்தார். திரும்பும்போது பெட்டியைக் கொண்டுபோவதாக வீட்டுக்கு வந்தார். யாரிடமும் வாய் திறந்து கேட்காதவள் நான். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டேன்.

"தம்பி, உங்கட இடத்திலயிருந்து புவிர்நிதுக்குக்கு ஒரு நாள் செல்லுமாமே?"

அவர் சிரித்தார். "ஆர் அன்ரி சொன்னது? இந்தத் தேத்தண்ணி ஆற முதல் இறங்கிடலாம். ஒரு மணித்தியாலமும் இல்லை. போன மாதம் உங்கட மகனும் பல்லுப் பிடுங்க அங்க போய் வந்தவர்தானே!"

"அப்ப சிவப்பு நூல் கட்டின பை?"

"அதுவோ? எங்கட மீன் கறிக்கு அதுதான். அருமையான தூள் அன்ரி!"

அவருக்குத் தங்கச்சி கதையே தெரியாது. பெட்டியில் ஒரு சாமான் வைக்க மறந்துவிட்டேன், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு மகளுக்குப் போன் எடுத்தேன்.

"இந்த மாதத் தூள் வந்ததே, பிள்ளை?"

"ஓம் அம்மா, நேற்று அண்ணை அனுப்பினவர். நல்ல வாசம்."

பெட்டி என் காலடியில் இருந்தது.

"சரி பிள்ளை" என்று போனை வைத்தேன். மகன் சொன்ன பொய்யை எப்படியும் விழுங்கியிருப்பேன். அவளுமா? தங்களுக்குள் என்ன கோபமோ, எனக்குத் தெரியாது. என்னை ஏய்ப்பதில் மட்டும் அண்ணனும் தங்கச்சியும் ஒற்றுமையாக இருந்திருக்கிறார்கள். அடுத்த நாள் அவரிடம் ஒரு பைதான் கொடுத்துவிட்டேன். சிவப்பு நூல் பை அலுமாரியிலேயே இருந்து வண்டு பிடித்தது.

மன்னார்க்காரர் சொன்னதை நான் பிழையாக விளங்கியிருக்கவும் கூடும். அந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று தெரிந்த யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். ஒரு முழுநாள் என்று வந்தால் நல்லது.