பிரேமாவதியின் குளம்

மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் சிவநேசன் இறங்கமாட்டான். வலது பக்கக் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, கழுத்தைத் திருப்பாமல், கண்ணாடியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவான். முதலில் மில்லின் வேலி வரும், பிறகு கழிவுக் குளம், கடைசியில் மஞ்சள் தொப்பியோடு பிரேமாவதி. அவளைப் பார்க்காமல் அவனுக்கு நாள் தொடங்குவதில்லை. பார்த்துவிட்டாலோ அந்த நாள் கெட்டது.

பண்டார் பாரு பக்கத்துச் செம்பனை எண்ணெய் மில்லில் அவன் பாய்லர்காரன். அவள் அவன் மனைவியின் தங்கை. லாரிகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தவள். கழிவுக் குளத்தில் கிளம்பும் வாயுவைக் காற்றில் விடக்கூடாது என்று அரசாங்கம் கெடுபிடி செய்தது. கார்பன் வரிப் பேச்சும் சேர்ந்துகொண்டது. அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு போன கம்பெனி, குளத்துக்குக் கறுப்புப் போர்வை போர்த்தி, வாயுவைப் பிடித்துக் கரண்டு எடுக்கத் தொடங்கியது. அந்த வேலையைச் சிவநேசனும் கேட்டான். பயிற்சிக்கு அவளைத்தான் அனுப்பினார்கள்.

பிறகு வருகிறவர்கள் எல்லாம் குளத்தோரம் நின்று படம் பிடித்தார்கள். பாய்லர் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கூட வேலை செய்யும் அம்மாசியும் சும்மா இருக்கமாட்டார்.

"என்னலா சிவா, நாம நெருப்புல வேகுறோம். ஒன் கொழுந்தியா சாக்கடையப் பாத்தே பெரிய ஆளாயிட்டா."

சிவநேசன் சிரித்துவைத்தான். சோறு இறங்கவில்லை.

சுற்றுச்சூழல் இலாகாக்காரர்கள் வருகிறார்கள் என்ற நாளில், குளத்தோரம் நிற்பவர்களைப் புகை மூடி அவள் பேர் கெட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு. அவர்கள் வந்த காடி கேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் பாய்லரின் காற்றுத் திறப்பை இறுக்கி, எரிக்க வைத்திருந்த செம்பனைக் கொட்டை ஓடுகளை நெருப்பில் அள்ளி அள்ளிக் கொட்டினான். எதற்கு இவ்வளவு என்று கேட்ட அம்மாசியிடம், ஆவி குறைகிறது என்றான். புகைபோக்கி கறுப்பாகக் கக்கியது. புகை இறங்கிக் குளத்தின் மேல் படர்ந்தது. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், தங்களுக்குள் பேசினார்கள், வைத்திருந்த சாப்பாட்டைத் தொடாமல் கிளம்பிப் போனார்கள்.

பிரேமாவதி பாய்லர் அறைக்கு வந்தாள். நெற்றியெல்லாம் கரி.

"இன்னிக்கின்னு பாத்து இப்படிப் பண்ணிட்டீங்களே, மாமா."

"ஓடு ஈரம். நான் என்ன செய்ய?"

அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அன்று வீட்டில் அவன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

குளத்தை இலாகாக்காரர்கள் முன்பே பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மிச்ச வாயுவைக் குழாய் போட்டுப் பாய்லருக்குக் கொண்டுவரலாம், அதற்கு மாமாவைப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று மேனேஜரிடம் கேட்டவள் பிரேமாவதி. அதற்காக அன்றைக்கு அவர்கள் பார்க்க வந்தது அவனுடைய பாய்லரை. இப்படிப் புகைகிற பாய்லருக்குக் குழாய் போட அனுமதி இல்லை என்று ஆன பிறகு, மேனேஜர் சொல்லி அம்மாசிக்கும், அம்மாசி சொல்லி அவனுக்கும் இது தெரிந்தது.